அட்டை கிழிந்த பைப்பர்: பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தை மோனோவில் வாங்கிய அனுபவம்

என்னிடம் இருக்கும், பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தால், பழைய பேப்பர் கட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவீர்கள். முதுகுப் பக்கம் மேலிருந்து பாதிவரை பிளந்து கிடக்கிறது, அதை யாரோ செலோடேப் போட்டு ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது, பின்பக்கத்தில் நீல மையில் ஒரு பெயரை எழுதி அப்புறம் அதையே கிறுக்கி அடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தட்டு வேறு கதை. 1967 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கொலம்பியா லேபிளில் வந்த 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்', மோனோ, முதல் பிரஸ்ஸிங், அதாவது ஆல்பம் வெளியானபோதே அழுத்திய பிரதி. வெளிச்சத்தில் பிடித்தால் இன்னமும் கறுப்பாகப் பளபளக்கிறது. இதே ஆல்பம் அழகான அட்டையோடு, நான் இதை வாங்கிய ரெக்கார்டு சந்தையின் அதே மேஜையில், இரண்டு மடங்குக்கும் மேலான விலையில் இருந்தது. அதை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தேன் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் பழைய ராக் தட்டுகள் வாங்க ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் அட்டையில்தான் விழுகிறார்கள்.

முதலில் ஏன் மோனோ என்பதைச் சொல்லிவிடுகிறேன். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே சேனலில், ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு சேனலில். 1967-ல் இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் பிளேயர்தான். அதனால் ஸ்டுடியோவில் மெனக்கெட்டுச் செய்தது மோனோ மிக்ஸை (மிக்ஸ் என்பது பதிவான ஒலிகளைக் கலந்து இறுதி வடிவம் கொடுப்பது). ஸ்டீரியோ மிக்ஸ், அதையும் முடித்துக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கில் பின்னால் செய்யப்பட்டது. இந்த ஆல்பம் பதிவானது லண்டன் ஆபி ரோட்டில் இருக்கும் இஎம்ஐ ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர் இவர். பிங்க் ஃபிளாய்ட் ஓர் அறையில் பாடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பக்கத்து அறையில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மார்ச் மாதம் ஒருநாள் பிங்க் ஃபிளாய்ட் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் 'லவ்லி ரீட்டா' பதிவாகிக்கொண்டிருப்பதை உட்கார்ந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான சிட் பேரட்டுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆல்பத்தில் இருக்கும் 11 பாடல்களில் எட்டு அவர் தனியாக எழுதியவை. அடுத்த வருஷம் ஏப்ரலுக்குள் அவர் குழுவிலேயே இல்லை. அவருடைய முழு வீச்சு இருக்கும் ஒரே பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் இது என்பதால்தான் இத்தனை பேர் இதைத் துரத்துகிறார்கள்.

சரி, மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும் காதில் என்ன வித்தியாசம்? 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஓடும், பாடும் குரலே இல்லாத வாத்திய இசை. ஸ்டீரியோவில் கடைசிக்கு வரும்போது மொத்த ஒலியும் இடது ஸ்பீக்கரிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்குமாகச் சுற்றும், ஹெட்ஃபோனில் கேட்டால் தலை கிறுகிறுக்கும். மோனோவில் அந்த வித்தை கிடையாது. ஆனால் முதல் ஒரு நிமிஷத்தில் ஆர்கனும் மற்ற விசித்திர ஓசைகளும் கிடாருக்குள்ளிருந்தே கிளம்புவது தெளிவாகக் கேட்கும், ஸ்டீரியோவில் அதே இடத்தில் அவை அமுங்கிக் கிடக்கின்றன. டிரம்ஸும் பேஸும் மோனோவில் நெஞ்சில் வந்து இடிக்கிறது. எனக்கு மோனோதான் பிடித்தது. ஹெட்ஃபோன் ஆட்கள் ஸ்டீரியோவே வாங்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

இந்த வித்தியாசத்தை நான் முதலில் கேட்டது பழைய தட்டில் இல்லை, 2007-ல் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த சிடி தொகுப்பில். அதில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கின்றன. பெரிய பணம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: எந்த மிக்ஸ் வேண்டும் என்பதைக் காதால் முடிவு செய்துகொண்டு அப்புறம் வேட்டைக்குக் கிளம்புங்கள். 'அரிது' என்று யாரோ சொன்னதற்காக மோனோவை வாங்கிவிட்டு, வீட்டில் போட்டுப் பார்த்து எல்லாம் நடுவிலிருந்தே கேட்கிறதே என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அடையாளம் பார்ப்பது. இங்கிலாந்து முதல் பிரஸ்ஸிங்கில் லேபிள், அதாவது தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம், நீலமும் கறுப்பும். மோனோவின் எண் எஸ்எக்ஸ் 6157, ஸ்டீரியோவின் எண் எஸ்சிஎக்ஸ் 6157. லேபிளின் விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்து 'தி கிராமஃபோன் கம்பெனி லிமிடெட்' என்று தொடங்கும், நடுவில் விலை நிபந்தனைக்கு உட்பட்டு இங்கிலாந்தில் விற்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி 1969 வாக்கில் போய்விட்டது. லேபிளில் கட்டத்துக்குள் இஎம்ஐ என்று போட்டிருந்தால் அது பிந்தைய பிரதி. விளிம்பில் கிராமஃபோன் கம்பெனிக்குப் பதில் இஎம்ஐ ரெக்கார்ட்ஸ் என்று இருந்தால் 1973-க்குப் பிறகு வந்தது, அதை 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்றால் நைசாக நகர்ந்துவிடுங்கள்.

லேபிளைவிட நம்பகமானது லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்று வளையம். சேகரிப்பவர்கள் தட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அங்கேதான். தட்டை லேபிள் எழுத்து நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டால், கடிகாரத்தில் 6 மணி இடத்தில் மேட்ரிக்ஸ் எண், அதாவது தட்டின் அந்தப் பக்கத்துக்கான அடையாள எண், இருக்கும். மோனோவுக்கு எக்ஸ்ஏஎக்ஸ் 3419, மறுபக்கம் 3420. ஸ்டீரியோ என்றால் எக்ஸ்ஏஎக்ஸ் இடத்தில் ஒய்ஏஎக்ஸ். இது கையால் கீறியதாக இல்லாமல் அச்சு வைத்து அடித்ததாக இருக்க வேண்டும். 9 மணி இடத்தில் ஒரு எண், அது எந்தத் தாய் அச்சு (ஸ்டாம்பர்களை எடுக்க உதவும் உலோக அச்சு) என்பதைச் சொல்வது. 3 மணி இடத்தில் ஒன்றோ இரண்டோ எழுத்துகள், அது தட்டை அழுத்திய உலோக அச்சான ஸ்டாம்பரின் வரிசை எண், எழுத்தாக மாற்றி எழுதியது. கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, இப்படியே போய் கடைசி எழுத்து பூஜ்யம். ஆக, இடதுபக்கம் 1, வலதுபக்கம் ஜி இருந்தால் முதல் தாய் அச்சிலிருந்து எடுத்த முதல் ஸ்டாம்பரில் அழுத்தியது. அதற்குத் தனி விலை. என்னுடையது ஆர்ஓ, அதாவது இருபத்தைந்தாவது ஸ்டாம்பர். ஒன்றாம் நம்பருக்காக நான் கூடுதலாக ஒரு பவுண்டுகூடக் கொடுக்க மாட்டேன், காதுக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. ஆனால் பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் பாருங்கள். இந்தக் குறியீடு அந்தக் காலத்து இஎம்ஐ தட்டுகள் எல்லாவற்றுக்கும் பொது, பீட்டில்ஸ் தட்டுக்கும் இதே முறைதான்.

அட்டை விஷயத்திலும் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்து அட்டையில் முன்பக்கத்துக்கு மேல் லாமினேஷன் இருக்கும், அந்தத் தாளின் ஓரங்களை மடித்துப் பின்பக்கத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள், ஆக பின்பக்கத்தின் ஓரங்களில் பட்டையாக மடிப்பு தெரியும். முன்பக்கம் விக் சிங் எடுத்த படம், நான்கு பேரும் பல முகங்களாகச் சிதறித் தெரிவது ஜார்ஜ் ஹாரிசன் அவரிடம் கொடுத்திருந்த பிரிசம் லென்ஸின் வேலை. பின்பக்கத்தில் இருக்கும் நிழலுருவம் சிட் பேரட்டே வரைந்தது. அட்டையின் மேலே இருக்கும் எண்ணும் தட்டின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நல்ல ஸ்டீரியோ அட்டைக்குள் தேய்ந்த மோனோ தட்டைப் போட்டு ஜோடி சேர்த்து விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம்.

இப்போது அந்த மேஜைக்கு வருகிறேன். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரு ரெக்கார்டு சந்தை. கூட வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், எண்பதுகளிலிருந்தே இங்கே தட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார், பழைய ஜாஸ் தவிர வேறு எதையும் மதிக்க மாட்டார். நான் நல்ல அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அட்டையைப் பிறகு பார்க்கலாம், முதல்ல தட்டை வெளிய எடும்" என்றார். எடுத்தேன். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தோம். புடவைக் கடையில் நம்மூர் அம்மாக்கள் முந்தானையைத் திருப்பி உள்பக்க இழையைத் தேடுகிற மாதிரி, தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பாட்டாகப் பார்த்தார் அவர். மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உரத்த இடங்களில், குறிப்பாக முதல் பக்கத்தின் பிற்பகுதியில், வரிகள் (ஊசி ஓடும் பள்ளங்கள்) கறுப்பாக மின்னுவதற்குப் பதில் சாம்பல் பூசியது போல மங்கிக் கிடந்தன. லேபிளின் நடு ஓட்டையைச் சுற்றி மெல்லிய கோடுகள், சிலந்தி வலை மாதிரி, எக்கச்சக்கம். அவை ஆட்கள் தட்டைப் பிளேயரில் வைக்கும்போது ஓட்டை கிடைக்காமல் கம்பியில் உரசி உரசி விழுந்தவை. கோடுகள் நிறைய என்றால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்களின் ஊசி கனமாக அழுத்தும், அப்படி நூற்றுக்கணக்கான தடவை ஓடிய தட்டில் உயர்ந்த சுரங்கள் எல்லாம் அரைபட்டுப் போயிருக்கும். கீறல் இல்லாததால் கண்ணுக்கு அழகாகத் தெரியும், போட்டால் கரகரக்கும். எந்தக் கழுவலும் அதை மீட்காது.

கிழிந்த அட்டைக்காரனை எடுத்தால் நேர்மாறு. இரண்டு மூன்று கீறல்கள் தெரிந்தன, நகத்தை மெதுவாக மேலே ஓட்டினால் ஒன்றுகூட இடறவில்லை. நகத்தில் இடறாத கீறல் பெரும்பாலும் சத்தம் போடாது, இடறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். ஓட்டையைச் சுற்றிக் கோடுகள் மிகக் குறைவு. தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பார்த்தோம், வளைவு இல்லை. யாரோ வாங்கி, கொஞ்ச நாள் கேட்டு, அட்டையை மட்டும் பாடாய்ப் படுத்திவிட்டு மூலையில் போட்டிருக்க வேண்டும்.

போட்டுக் காட்டச் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். சந்தையில் பல வியாபாரிகள் சின்ன பிளேயர் ஒன்றை வைத்திருப்பார்கள், இந்த அளவு பணம் போடுகிறவர் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. ஆனால் எந்த இடத்தைக் கேட்பது என்பது முக்கியம். பலரும் ஊசியை முதல் பாட்டின் உரத்த இடத்தில் வைத்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அங்கே எல்லாத் தட்டும் நன்றாகத்தான் கேட்கும். இந்த ஆல்பத்தில் நான் கேட்பது மூன்று இடம். ஒன்று, 'அஸ்ட்ரானமி டோமினி' தொடங்குகிற அந்தச் சில நொடிகள், மெகாஃபோன் வழியாக ஒரு குரலும் மோர்ஸ் தந்தி மாதிரியான ஒலியும் தூரத்திலிருந்து வருமே, அந்த நிசப்தத்தில் பொரிகிற சத்தம் இருந்தால் மறைக்கவே முடியாது. இரண்டு, 'தி ஸ்கேர்குரோ', மெல்லிய தாளமும் குரலுமாகப் போகிற பாட்டு. மூன்று, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும் 'பைக்'. கடைசிப் பாட்டு ஏன் என்றால், தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகப் போக ஊசிக்குக் கீழே ஓடும் வரியின் நீளம் குறைந்துகொண்டே வரும். வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ., லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ. சுமார். அதே இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்பட்டிருப்பதால் தேய்மானம் முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான், சகரம் எல்லாம் பிசிறும். 'பைக்' முடிந்ததும் வாத்துக் கூட்டம் கத்துகிற மாதிரி ஒரு ஒலி திரும்பத் திரும்ப வரும், அது தட்டின் கோளாறில்லை, அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்கிற யாரும் ஊசி மாட்டிக்கொண்டது என்று ஓடிவருவார்கள்.

விலை பேசும்போது அட்டையின் ஓட்டை உடைசலை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், தட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல நிலையில் இருக்கும் மோனோ முதல் பிரஸ்ஸிங் பல நூறு பவுண்டுக்குப் போகிற காலம் இது. கிழிந்த அட்டை விலையை அடியோடு இறக்கிவிடும், ஏனென்றால் சுவரில் மாட்டவும் கண்ணாடி அலமாரியில் வைக்கவும் வாங்குகிறவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். கேட்பதற்காக வாங்குகிற நமக்கு அங்கேதான் வாய்ப்பு.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு டார்ச்சும் நகமும் கிடையாது, விற்பவர் தட்டின் நிலைக்குப் போடும் கிரேடுதான் எல்லாம். அதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்க முறையில் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று இறங்கும். இங்கிலாந்தில் மின்ட்டுக்கு அடுத்தது எக்ஸலன்ட், அப்புறம் வெரி குட். அதாவது இங்கிலாந்துக்காரர் எக்ஸலன்ட் என்பதும் அமெரிக்கர் வெரி குட் பிளஸ் என்பதும் ஏறத்தாழ ஒன்று. 'வெரி குட்' என்ற பெயரைப் பார்த்து ரொம்ப நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தேய்ந்து இரையும் தட்டுக்கு வைத்த மரியாதையான பெயர். ஒருமுறை 'எக்ஸலன்ட்' என்று போட்டு ஒருவர் அனுப்பிய வேறொரு தட்டில் ஆணி வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு கீறல். கேட்டால் "நான் பார்த்துத்தான் கிரேடு போட்டேன், கேட்டுப் பார்க்கவில்லை" என்று பதில். பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே! பணம் திரும்பி வந்தது, அலைச்சல் மிச்சம். அதற்கப்புறம் எதை வாங்கினாலும் இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்டுவிடுகிறேன்: முழுசாகப் போட்டுக் கேட்டீர்களா, வெற்று வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது, படம் அனுப்ப முடியுமா. (மூன்றாகிவிட்டது, பரவாயில்லை.) ஒழுங்கான ஆள் அன்றைக்கே பதில் போடுவார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பிளேயரில் வைத்துவிடக் கூடாது. சுத்தமாகத் தெரிகிற தட்டின் வரிகளுக்குள்ளும் ஐம்பது வருஷத்துத் தூசியும் சிகரெட் புகையும் அடைந்திருக்கும், ஊசி அதை இன்னும் ஆழமாக அரைத்துவிடும். நான் பயன்படுத்துவது டிஸ்டில்டு வாட்டர், அதில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு மணமில்லாத சோப்புக் கரைசல், மென்மையான பிரஷ், அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு அலசல், நனைந்த அழுக்கை உறிஞ்சி எடுக்க ஒரு வாக்யூம் மெஷின். மெஷின் இல்லாதவர்கள் லேபிள் நனையாமல் கையால் செய்யலாம், பொறுமைதான் வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், லண்டன் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு காய்ந்து வரிக்குள் படிந்துவிடும், சென்னை போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரில் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் பரணில் இருக்குமே, அதில் மட்டும் ஆல்கஹாலைத் தவறிக்கூடத் தொடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரையும்.

மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் போட்டால் கெட்டுவிடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1967 தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆம்பிளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அதை அழுத்திக் கேளுங்கள், வித்தியாசம் அசத்தும். மோனோ வரியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் சேர்த்துப் படிக்கும், அந்த மேல்கீழ் அசைவில் இருப்பது தூசியும் இரைச்சலும்தான். இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டினால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். பட்டன் இல்லாதவர்கள் இரட்டை ஒய் கேபிள் போட்டுக்கொள்கிறார்கள். நான் பின்னால் ஆர்ட்டோஃபோன் 2எம் மோனோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஒன்று வாங்கிக்கொண்டேன், மோனோ தட்டுகள் கணிசமாகச் சேர்ந்த பிறகுதான். ஒரே ஒரு தட்டுக்காக அதை வாங்குவது வீண்.

வைக்கும் முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய கனமான பிவிசி உறைகள் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ரசாயனம் அதிலிருந்து கசிந்து தட்டின் மேல் வெள்ளைப் புகை மாதிரி படியும், கழுவினாலும் போகாது. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் உறைகளே போதும். நின்ற நிலையில் வையுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இவ்வளவு செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 2018-ல், தட்டுக் கடைகளுக்காக வருஷாவருஷம் கொண்டாடும் ரெக்கார்டு ஸ்டோர் டேவுக்காக மோனோவை எல்பி தட்டாகவே மறுபடி வெளியிட்டார்கள். முதல் பிரஸ்ஸிங்கின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் டவர் லேபிளில் வந்த பழைய பதிப்பும் சந்தையில் நிறையக் கிடைக்கும், அது ஒரிஜினல் 1967 தட்டுதான், ஆனால் பாடல் வரிசையே வேறு. 'சீ எமிலி பிளே'யை முதலில் சேர்த்துவிட்டு 'அஸ்ட்ரானமி டோமினி', 'ஃபிளேமிங்', 'பைக்' மூன்றையும் எடுத்துவிட்டார்கள். விற்பவர் 'ஒரிஜினல் பைப்பர்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நாட்டுப் பிரதி என்று முதலில் கேளுங்கள்.

அந்தக் கிழிந்த அட்டையை என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. செலோடேப்பை உரிக்கப் போனால் லாமினேஷனோடு சேர்ந்து விக் சிங் படமும் பிய்ந்து வரும், அதனால் அப்படியே ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டுவிட்டேன். தட்டைப் புதிய உள்ளுறையில், அட்டைக்கு வெளியே, அதே பாலித்தீனுக்குள் பின்பக்கமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் முதுகு இன்னும் பிளக்காமல் இருக்க இதுதான் வழி.